எக்கோ பெட்டிக்குள் போன பெயர்

எங்கள் வீட்டுக்கும் அழகேசன் அண்ணன் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர்தான். அதைக் கட்டிய குத்தகைக்காரன் என் கையில் கிடைத்தால் நடப்பதே வேறு. நான் இந்தப் பக்கம் தும்மினால், அந்தப் பக்கத்திலிருந்து தேவகி அக்கா "ரசம் வச்சிருக்கேன், வந்து வாங்கிக்க வாசுகி" என்பார். பாடாங் செராயில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க இதே சுவர்தான். மற்றவர்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து டிவி சத்தம் வரும், குக்கர் விசில் வரும். எனக்கு வருவது இது:

"தேவகி... தேவகி... தேவகி... தேவகி..."

ஒன்றைவிட ஒன்று மெலிந்து, கடைசியில் காற்றோடு போய்விடும். அப்பாடா என்று புரண்டு படுத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நான் கூலிமில் இரவு ஷிப்ட் பார்க்கிறவள். காலையில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் குளித்து, வாயில் எதையாவது போட்டுக்கொண்டு படுப்பேன். கண் சொருகும் நேரம் பார்த்துத்தான் இந்த மனுஷன் பெண்டாட்டியைக் கூப்பிடத் தொடங்குவார். கூப்பிடுகிறார் என்று சொல்வதே தப்பு. அவர் தேவகி அக்காவைக் கூப்பிடவில்லை. எக்கோ பெட்டியைச் சரிபார்க்கிறார்.

எக்கோ பெட்டி என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்து இசைக்குழுக்கள் மேடையில் வைத்திருந்த சாமான் அது. பார்க்க ஒரு சின்ன சூட்கேஸ் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு துண்டு டேப், முனையோடு முனை ஒட்டி, வளையமாக ஓடிக்கொண்டே இருக்கும். மைக்கில் பாடியதை முதல் ஹெட் டேப்பில் பதியும். வரிசையாக இருக்கும் மற்ற ஹெட்டுகள் அதையே கொஞ்சம் கொஞ்சம் தாமதித்துத் திருப்பிச் சொல்லும். சுமாராகப் பாடுகிறவன்கூட அந்தப் பெட்டி வழியாகப் பாடினால் பெரிய ஆள் மாதிரி கேட்கும். இப்போது அதற்கெல்லாம் கைப்பேசியிலேயே செயலி வந்துவிட்டதாம். இருந்தும் பழைய பெட்டியில்தான் ருசி என்று பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பையன்கள் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வின்டேஜ் என்கிறார்கள். என்னைக் கேட்டால் பழைய இரும்புக்கடை என்பேன்.

அழகேசன் அண்ணன் இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டத்து இசைக்குழுவில் கித்தார் வாசிக்கச் சேர்ந்தாராம். முதல் திருவிழாவிலேயே குழுத் தலைவர் கித்தாரை வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, "தம்பி, நீ இந்தப் பொட்டிய பாத்துக்க, அது போதும்" என்று எக்கோ பெட்டியை இவர் மடியில் வைத்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அவமானத்தில் குழுவை விட்டே ஓடியிருப்பார்கள். இவர் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் இன்னும் தலையை வெளியே எடுக்கவில்லை. பிறகு பிறை ஊர்ப் பக்கம் ஒரு ரேடியோ தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில், பல வருடம் வேலை. முதலாளி அதை மூடிவிட்டு வேறு நாட்டுக்குப் போனார். இவர் வீட்டு வாசல் கொட்டகைக்குப் போனார். அன்றிலிருந்து கார், எங்கள் பேச்சில் காடி, நிற்க வேண்டிய இடத்தில் மேசை, மேசைமேல் பெட்டி, பெட்டிக்கு முன்னால் இவர். அவர்களுடைய காடி வருஷக்கணக்காக என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அதைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வேலையில் அப்படி ஒரு சுத்தம். அதனாலேயே வம்பும் வரும். சுங்கைப் பட்டாணியிலிருந்து ரையன் என்று ஒரு பையன், காலால் மிதிக்கிற பழைய கித்தார் பெடல் ஒன்றைக் கொண்டுவந்தான். இவர் துடைத்து, உள்ளே காய்ந்துபோனதையெல்லாம் மாற்றி, துளி இரைச்சல் இல்லாமல் ஆக்கிக் கொடுத்தார். பையன் வாசித்துப் பார்த்துவிட்டு அழாத குறை.

"அங்கிள், அந்த அழுக்கு சவுண்டுக்குத்தான் இத தேடி வாங்குனேன். எங்க அங்கிள் போச்சு?"

"ரோசாக் ஆயி கெட்டுப் போயிருந்துச்சுப்பா. சரி பண்ணிட்டேன்."

"எனக்கு ரோசாக்தான் வேணும் அங்கிள்!"

கழற்றிப் போட்ட கெட்ட உதிரிகளையெல்லாம் குப்பைக்கூடையில் தேடிப் பொறுக்கி, மறுபடி உள்ளே வைத்துக் கொடுத்தார். கெட்டதைக் கெட்டபடியே திருப்பி வைப்பதுபோல ஒரு கஷ்டமான வேலை கிடையாது என்று அந்த வாரம் முழுக்கப் புலம்பினார்.

சரி, ஏன் தேவகி? நானே ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் போய்ச் சண்டை பிடித்தேன்.

"ஏண்ணே, ஒலகத்துல வேற வார்த்தையே இல்லியா? ஹலோ, டெஸ்டிங்னு ஊரெல்லாம் சொல்றாங்களே!"

மனுஷன் கோபமே படாமல் விளக்கினார். "தே"யில் ஓர் அடி இருக்கிறதாம். பெட்டி அந்த அடியை ஒழுங்காக வாங்கிக்கொள்கிறதா என்று அதில் தெரியுமாம். "வ" உருண்டு போகிற சத்தம். ரப்பர் உருளை கெட்டிப்பட்டு டேப் சீராக ஓடவில்லையென்றால் அது நடுங்கும். "கி" கூர்மை. ஹெட் அழுக்காக இருந்தாலும், இம்மி கோணியிருந்தாலும், முதலில் மங்குவது அதுதான்.

"ஒரே பேருல எல்லாம் இருக்கு வாசுகி. தேடிப் புடிச்சா கட்டுனேன்? தன்னால அமைஞ்சுது" என்று பெருமையாகச் சிரித்தார்.

பெண்டாட்டி பெயருக்கும் பெட்டிக்கும் பத்துப் பொருத்தமும் இருக்கிறதாம்! நான் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

கல்யாணமான புதிதில் தேவகி அக்கா ஒவ்வொரு தடவையும் "என்னங்க?" என்று ஓடி வருவாராம். வந்து நின்றால், "ஒன்ன இல்லம்மா, பொட்டிய" என்பாராம். எத்தனை நாளைக்கு ஓட முடியும்? முதலில் ஓடுவதை விட்டார், அப்புறம் பதில் சொல்வதை விட்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. கேட்டுக் கேட்டு அக்காவுக்கே காது பழகிவிட்டது. சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கியபடியே தீர்ப்புச் சொல்வார். "கி மங்குது, தொடைங்க!" "வ இழுக்குது!" இவரும் மறுபேச்சில்லாமல் திருப்புளியைத் திருப்புவார். தெருப் பிள்ளைகளுக்கு அவர் "நாலு தேவகி ஆன்ட்டி". ஐஸ்கிரீம் விற்க வருகிற மலாய்க்காரத் தம்பிகூட எங்கள் வாசலுக்கு வந்ததும் "தேவகி, தேவகி, தேவகி" என்று குரலைத் தேய்த்துக்கொண்டே மணி அடிப்பான். அக்கா சிரிப்பார். அந்தச் சிரிப்பு கொஞ்ச நாளாகக் குறைந்து வந்ததை நான் கவனித்தேன். அண்ணன் கவனிக்கவில்லை. அது பெட்டியில் வரவில்லையே!

இந்த நேரத்தில்தான் ஜெரார்ட் அண்ணன் வந்து சேர்ந்தார். கூலிம்காரர். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. கோயில் திருவிழாவோ, மாதா கோயில் பெருநாளோ, கல்யாண விருந்தோ, மேடை ஒன்று கிடைத்தால் போதும் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர்தான், ஆனால் அம்மன் பாட்டை அவர் பாடினால்தான் எங்கள் கோயில் கமிட்டிக்குத் திருப்தி. இப்போது வயதாகிவிட்டது. உச்சத்துக்குப் போகும்போது குரல் பாதி வழியில் நின்றுவிடும். மீதி வழியைப் பெட்டிதான் கொண்டுபோய்ச் சேர்க்கும். திருவிழா நெருங்கும்போது அந்தப் பெட்டி மக்கர் பண்ணியது. காய்ச்சல்காரக் குழந்தையைப் போல அதைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் இறக்கினார்.

"அழகு, இது இல்லாம நான் மேடை ஏற மாட்டேன் லா. என் மானம் இதுக்குள்ளதான் இருக்கு."

"வச்சிட்டுப் போங்கண்ணே. திருவிழாவுக்கு முன்னாடியே ரெடியாயிரும்" என்றார் அழகேசன் அண்ணன்.

மறுநாள் காலை நான் அப்போதுதான் படுத்திருந்தேன். அண்ணன் கீழே விழுந்த ஒரு சின்னத் திருகாணியை எடுக்கக் குனிந்தார். அவ்வளவுதான், இடுப்பு பிடித்துக்கொண்டது. மேசைக்காலைப் பிடிக்கப் போய் மைக் நிற்கிற கம்பியைப் பிடித்து, அதோடு சேர்ந்து தரையில் சாய்ந்தார். மேசைமேல் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மைக் வாய்க்கு நேராகக் கிடக்கிறது. இவரால் அசையக்கூட முடியவில்லை. வேறு என்ன செய்வார்? பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"தேவகி... தேவகி... தேவகி... தேவகி..."

சமையல்கட்டிலிருந்து உடனே பதில் வந்தது. "கி மங்குது! ஹெட்ட தொடைங்க!"

பாதி வாய் தரையில் அழுந்திக் கிடந்தால் கி மங்காமல் என்ன செய்யும்? கழுத்தைக் கஷ்டப்பட்டுத் திருப்பி, இன்னும் பலமாகக் கூப்பிட்டார்.

"இப்ப பரவால்ல! ஆனா வ நடுங்குது பாருங்க!"

மனுஷன் வலியில் துடிக்கிறார், நடுங்காதா? எனக்குமே சுவர் வழியாக அந்த நடுக்கம் கேட்டது. ரப்பர் உருளை போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தலையணையைக் காதில் அழுத்தினேன். எங்கள் எல்லாரையும் அந்த அளவுக்குக் கெடுத்து வைத்திருக்கிறார்.

கத்திக் கத்திப் பார்த்தார். ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு திருத்தம் வந்தது. கடைசியில் பொறுமை போய், கல்யாணமான நாளிலிருந்து வாயில் வராத ஒன்றைச் சொன்னார்.

"அடியே... அடியே... அடியே... அடியே..."

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. தேவகி அக்கா கரண்டியோடு வெளியே பாய்ந்தார். "யாரப் பாத்து அடியேங்கிறீங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள், தரையில் கிடந்தவரைப் பார்த்துவிட்டார். கரண்டி கீழே விழுந்தது. அந்தச் சத்தமும் மைக்கில் ஏறி, நாலு கரண்டியாக விழுந்தது.

நான்தான் அவர்களுடைய காடியை எடுத்து, நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு பேரையும் கிளினிக்குக் கூட்டிப்போனேன். அங்கே நர்ஸ் மலாயில் புருஷன் பெயரைக் கேட்டார். தேவகி அக்கா பையிலிருந்து அண்ணனுடைய ஐசி அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். நர்ஸ் கை வேலையாக இருந்ததால், "நீங்களே சொல்லுங்க கக்காக்" என்றார், மலாயில் அக்கா என்று அழைத்து. அக்கா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். தோட்டத்தில் பிறந்த அந்த வயதுப் பெண்கள் பலரும் இப்படித்தான். என்னங்க, இந்தாங்க, எங்க வீட்டுக்காரர் என்று எல்லாம் வரும், பெயர் மட்டும் வராது. இத்தனை வருஷத்தில் அழகேசன் என்று தேவகி அக்கா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை சொருகி, வெந்நீர்ப் பையைக் கொடுத்த பிறகுதான் வெடித்தார்.

"நெஞ்சு வலிச்சு கூப்பிட்டிருந்தா? ஆங்? கி மங்குது, வ நடுங்குதுன்னு சொல்லிக்கிட்டு நான் வெங்காயம் வெட்டிக்கிட்டு இருந்திருப்பேன்! எங்கம்மா எனக்கு ஆசையா வச்ச பேருங்க அது. அத ஒருத்தர் சொன்னா நான் திரும்பிப் பாக்கணுமா வேணாமா? எனக்கு ஒறைக்கவே இல்ல. எம்பேரு எனக்கே ஒறைக்கல!"

"தேவ..." என்று அண்ணன் தொடங்கினார். 

"சொல்லாதீங்க! இனிமே எம்பேரு அந்தப் பொட்டிக்குள்ள போவக் கூடாது. போச்சுன்னா நான் ஜித்ராவுல எங்கக்கா வீட்டுக்குப் போயிருவேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

சொல்லிவிட்டு அக்கா அழுதார். நான் அவர் அழுது பார்த்ததில்லை. அண்ணன் பேந்தப் பேந்த விழித்தார். அப்புறம், "சரிம்மா. போவாது" என்றார்.

இரண்டு நாளில் இடுப்புப் பிடிப்பு விட்டது. பெட்டி காத்திருக்கிறது, திருவிழா வருகிறது, வார்த்தைதான் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிப் பார்த்தார். கணக்குப் பாடம் மாதிரி இருந்ததே தவிர அவர் காதுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காப்பி என்றார், பாடாங் செராய் என்றார், தக்காளி என்றார். முருகா என்று ஆரம்பித்தபோது அக்கா உள்ளேயிருந்து, "சாமி நெஜமாவே வந்து நின்னா என்னா சொல்லுவீங்க? ஒன்ன இல்ல, பொட்டியன்னா?" என்று கேட்டார். அதையும் விட்டார். எந்தச் சொல்லைச் சொன்னாலும், அது சரியாகத் திரும்பி வருகிறதா இல்லையா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முழம் போடுகிறவன் கையை வெட்டிவிட்ட கதைதான்.

அதற்கடுத்த காலை, நான் நல்ல தூக்கத்தில் இருந்தேன்.

"வாசுகி... வாசுகி... வாசுகி... வாசுகி..."

தொழிற்சாலையில் சூப்பர்வைசர்தான் கூப்பிடுகிறார் என்று அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தேன். செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடி, அடுத்த வீட்டுக் கொட்டகையில் போய் நின்றேன்.

"என்னண்ணே? என்னாச்சு? மறுபடியும் இடுப்பா?"

"ஒன்ன இல்ல வாசுகி" என்றார் அந்தப் பாவி மனுஷன், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொட்டிய."

என் பெயரும் கியில்தான் முடிகிறது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. தாமான் முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரன் பெண்டாட்டி பெயரை ஏலம் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கிக் கால்வாயில் எறிந்திருப்பேன். அதற்குள் தேவகி அக்கா வாசல்படியில் நிற்பதைப் பார்த்தேன்.

"பாத்தியா?" என்றார் என்னிடம். "நானும் புதுசுல இப்படித்தான் ஓடியாந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. அக்கா உள்ளே போய்விட்டார். இருந்தாலும் கோபம் கோபம்தானே!

"இனிமே எம்பேரும் உள்ள போவக் கூடாது!" என்று கத்தினேன். "எந்தப் பொம்பள பேருமே போவக் கூடாது! பொட்டியாம் பொட்டி!"

வீட்டுக்குள் வந்தால், என் வீட்டுக்காரர் காளிதாசன், லோரி ஓட்டப் போகாமல் லீவு போட்டு உட்கார்ந்திருந்தவர், பேப்பரைக் கீழே இறக்கினார்.

"நல்லாத்தான் கூப்பிடுறாரு லா. எதுக்கு நிப்பாட்டுன?"

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு ரொம்பத் தாமதமாகத்தான் கிடைத்தது.

திருவிழாவுக்கு முதல் நாள் ஜெரார்ட் அண்ணன் வந்தார். புதுச் சட்டை, புது முடிச்சாயம். வந்தவர் பெட்டியைப் பார்த்தார். அது மூடி பூட்டி, போர்வை சுற்றி, வந்தபடியே மேசையில் இருந்தது. நான் ரசம் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், அப்படியே நின்றேன்.

"முடியலண்ணே. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் அழகேசன் அண்ணன்.

"என்னா லா சொல்ற? ஒன்னால முடியாத பொட்டியா?"

"உள்ள வேல எல்லாம் முடிஞ்சுது. காதால செட் பண்ணணும். அதுக்கு எனக்கு ஒரு பேருதான் தெரியும். அத சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன்."

ஜெரார்ட் அண்ணன் சமையல்கட்டைப் பார்த்துக் கும்பிட்டார். "தேவகிம்மா! ஒரே ஒரு தடவ! ஒங்க அம்மன் காரியம்மா! எங்க மாதா மேல சத்தியமா அதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன்!"

"அவள கேக்காதீங்கண்ணே" என்றார் அழகேசன் அண்ணன். குரலை உயர்த்தவில்லை. "அவ சரின்னாலும் நான் சொல்ல மாட்டேன். கீழ விழுந்து கெடந்தப்ப எனக்கு வேற யாரு பேரும் வாயில வரல. அந்தப் பேர நானே தேச்சு வச்சிருக்கேன். இனிமே அது அவளுக்கு மட்டும்தான்."

அந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சமையல்கட்டில் குழாய்த் தண்ணீர் நின்றது. தேவகி அக்கா ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் போர்வையை விலக்கினார்.

"இத தெறங்க" என்றார்.

அண்ணன் திறந்தார். டேப் ஓடியது. அக்கா மைக்கை எடுத்தார். இத்தனை வருஷம் அந்த வீட்டில் கிடக்கிற மைக், அன்றுதான் அவர் கையில் ஏறியது.

"எந்தப் பக்கம் பேசணும்?"

ஜெரார்ட் அண்ணன் காட்டினார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். காது மடல் சிவந்துவிட்டது. ஒரு தடவை வாயைத் திறந்து மூடினார். மறுபடி திறந்தார்.

"அழகேசன்."

மெதுவாகத்தான் சொன்னார். பெட்டியா மெதுவாகச் சொல்லும்? "அழகேசன்... அழகேசன்... அழகேசன்..." என்று கொட்டகை, வாசல், தெரு எல்லாம் போய்ச் சேர்ந்தது.

"என்னம்மா?" என்றார் அண்ணன்.

பெட்டி மறுபடி சொன்னது.

"என்னம்மா?"

இன்னொன்று வந்தது, இன்னும் மெலிந்து. அதற்கும் "என்னம்மா?" என்றார். ஒன்றைக்கூட விடவில்லை.

"டேய் அழகு, அது பொட்டி லா!" என்றார் ஜெரார்ட் அண்ணன்.

"தெரியும்ணே. கூப்பிட்டது யாரு?"

ஜெரார்ட் அண்ணனுக்குக் குறும்பு போகுமா? நைஸாகக் கையை நீட்டி, திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிற குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டார். அப்படித் திருப்பினால் எதிரொலி தேயாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறி வளர்ந்துகொண்டே போகும். அழகேசன், அழகேசன், அழகேசன் என்று பெட்டி ஓயாமல் கூப்பிட, இவர் என்னம்மா, என்னம்மா, என்னம்மா என்று மூச்சு வாங்க வாங்கப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். இடுப்பில் ஒரு கை, நெஞ்சில் ஒரு கை. எதிர்வீட்டு ஜன்னல் மறுபடி திறந்தது. காளிதாசன் பேப்பரோடு வெளியே வந்துவிட்டார். அக்கா முதலில் முறைத்தார், அப்புறம் உதட்டைக் கடித்தார், அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரே போய்க் குமிழைத் திருப்பி நிறுத்தினார்.

"போதும் போதும், மூச்சு நின்னுறப் போவுது" என்றார். மைக்கைக் கீழே வைக்கவில்லை. "ச சீறுது. ஹெட்ட பாருங்க."

அண்ணன் திருப்புளியை எடுத்தார். அன்று மாலை வரைக்கும் அந்த வீட்டிலிருந்து அழகேசன் என்ற பெயர்தான் வந்துகொண்டிருந்தது. அக்கா கூப்பிடுவார், என்னம்மா என்பார், திருப்புவார். வெட்கமெல்லாம் பாதியிலேயே போய்விட்டது. கடைசி கடைசியாக அக்கா அதட்டியே கூப்பிட்டார். நான் வேலைக்கு லீவு எடுத்திருந்த நாள் அது. ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. இருந்தாலும் நான் ஒரு வார்த்தை சொன்னேனா என்று அக்காவையே கேட்டுப் பாருங்கள்.

மறுநாள் மேடையில் ஜெரார்ட் அண்ணன் உச்சத்துக்குப் போனார். குரல் வழக்கம்போலப் பாதி வழியில் நின்றது. பெட்டி அதைப் பிடித்துக்கொண்டு கோபுரத்தைத் தாண்டி ஏறியது. கமிட்டித் தலைவர் பாடியவர் கழுத்தில் துண்டைப் போட்டு மரியாதை செய்தார். அழகேசன் அண்ணன் மேடைக்குக் கீழே பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அக்கா அவர் பக்கத்தில். "உருளை கொஞ்சம் இழுக்குதோ?" என்று அக்கா அவர் காதில் கேட்டது என் காதிலும் விழுந்தது.

திருவிழா முடிந்து நான் மறுபடி இரவு ஷிப்டுக்குப் போன முதல் நாள். காலையில் வந்து, குளித்து, படுத்தேன். கண் சொருகும் நேரம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"தேவகி."

சத்தியத்தை மீறிவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஒன்றுதான். பெட்டி இல்லை, மைக் இல்லை, மனுஷன் தொண்டையிலிருந்து வந்த வெறும் குரல்.

சமையல்கட்டில் தட்டு வைக்கிற சத்தம், பிறகு வேகமாகக் காலடிச் சத்தம். "என்னங்க? என்ன ஆச்சு?" என்று தேவகி அக்கா மூச்சு வாங்கக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன். வர்றியான்னு பாத்தேன்."

"அடுப்புல கறி கொதிக்குது! சும்மா கூப்பிட்டாராம், சும்மா! வேல வெட்டி இல்ல?" என்று அக்கா தொடங்கினார். தொடங்கியவர் அவ்வளவு சீக்கிரம் நிறுத்தவில்லை. கறி தீய்ந்த வாசனை என் வீடு வரைக்கும் வந்தது. அவர் அந்தக் கொட்டகையிலேயே நின்று திட்டிக்கொண்டிருந்தார்.